ஊருக்குக் குழாய், கூடத்துக்குச் சவ்வு: இரண்டு ஸ்பீக்கர்களின் கதை

ஹை-ஃபை பித்துப் பிடித்தவர்களுக்குள் ஓயாத சண்டைகள் சில உண்டு. வால்வா டிரான்சிஸ்டரா, இசைத்தட்டா சிடியா என்று ஆரம்பித்தால் விடிஞ்சிரும். அந்த வரிசையில் கொஞ்சம் பணக்காரச் சண்டை ஒன்று இருக்கிறது: வீட்டில் பாட்டுக் கேட்க ஹாரன் ஸ்பீக்கர் நல்லதா, எலக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கர் நல்லதா?

எலக்ட்ரோஸ்டேட்டிக் என்பதை இந்தப் பதிவில் நிலைமின் ஸ்பீக்கர் என்றே எழுதுகிறேன். பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்துச் சொல்தான். ஹாரனை நம்ம ஊர் வழக்கப்படி குழாய் என்பேன். சேலம் பக்கம் "குழாய் கட்டியாச்சா?" என்று கேட்டால் யாரும் தண்ணிக் குழாயைத் தேட மாட்டார்கள்.

இந்தச் சண்டை பற்றி இணையத்தில் கிடைப்பதெல்லாம் இங்கிலாந்து, அமெரிக்க வீட்டுக் கூடங்களிலிருந்து எழுதப்பட்டவை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் உட்கார்ந்து யோசித்தால் கதை வேறு மாதிரி தெரிகிறது. நிலைமின் ஸ்பீக்கர் நம் வீடுகளுக்குள் வரவே இல்லை. குழாயும் வரவில்லை, அது கோயில் கோபுரத்திலும் பஞ்சாயத்து ஆபீஸ் மொட்டை மாடியிலும் புளியமரத்திலும் கிடந்தது. ஆனால் அதன் சத்தம் வீட்டுக்குள் வந்தது. நம் பெற்றோர் தலைமுறை வீட்டிலிருந்தபடி பாட்டுக் கேட்டது பெரும்பாலும் அரை மைல் தள்ளி இருந்த ஒரு குழாயில்தான். ஆக, "வீட்டில் கேட்க எது நல்லது" என்ற கேள்விக்கு நம்மிடம் ஒரு தனி வரலாறே இருக்கு.

காற்றைப் பிடிப்பது எப்படி

ஸ்பீக்கரின் பிரச்சினை ஒன்றுதான். காற்று ரொம்ப லேசானது. அதைத் தள்ளும் பொருள் கனமானது. வெறுங்கையைக் காற்றில் வீசிப் பாருங்கள், காற்று நழுவி ஓடிவிடும். கை கொடுத்த சக்தியில் பெரும்பகுதி காற்றுக்குப் போய்ச் சேராது. சாதாரணப் பெட்டி ஸ்பீக்கரும் அப்படித்தான். ஆம்ப்ளிஃபையர் கொடுக்கும் மின்சாரத்தில் ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோதான் ஒலியாகும். மிச்சமெல்லாம் காயிலில் சூடாகப் போய்விடும்.

இதற்கு இரண்டு எதிரெதிரான தீர்வுகள். முதல் தீர்வு: காற்றை நழுவ விடாமல் குறுகிய கழுத்துக்குள் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விரியும் குழாய் வழியாக வெளியே விடுவது. கழுத்தில் அழுத்தம் அதிகம், அசைவு குறைவு. வாயில் அழுத்தம் குறைவு, அசைவு பெரிது. சைக்கிளில் கியர் மாற்றுகிற மாதிரி. நாகஸ்வரத்தைப் பாருங்கள்: சீவாளி அதிர்கிறது, உலவு சிறுகச் சிறுக விரிகிறது, கடைசியில் அணசு. ஒரு சின்ன நாணல் சீவாளியின் அதிர்வு நாலு வீதிக்கும் கேட்பதற்கு இந்த விரிவு முக்கியக் காரணம். கொம்பு, எக்காளம், திருச்சின்னம் எல்லாம் இதே குடும்பம். மைக் செட்காரர் 'யூனிட்' என்று சொல்லும் பாகம்தான் இங்கே சீவாளி. அலுமினியக் குழாய்தான் அணசு.

இரண்டாவது தீர்வு: தள்ளும் பொருளையே காற்று மாதிரி லேசாக்கிவிடுவது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்றை இழுத்துக் கட்டி, அதில் சில ஆயிரம் வோல்ட் மின்னூட்டம் ஏற்றுகிறார்கள். இரு பக்கமும் ஓட்டை போட்ட இரண்டு மின்தகடுகள். பாட்டின் மின்னழுத்தம் தகடுகளுக்குப் போகும்போது ஒன்று சவ்வை இழுக்கும், மற்றது தள்ளும். காயில் கிடையாது, காந்தம் கிடையாது, பெட்டியும் கிடையாது. சவ்வின் முழுப் பரப்பும் ஒரே நேரத்தில் நகரும். பேப்பர் கோன் ஸ்பீக்கரில் நடுவில் தள்ளினால் ஓரம் கொஞ்சம் தாமதமாக நெளியும். அந்த நெளிவு இங்கே ரொம்பக் குறைவு.

ஒன்று காற்றைக் கனமாக்குகிறது, இன்னொன்று ஸ்பீக்கரை லேசாக்குகிறது. மற்ற வித்தியாசம் எல்லாம் இதிலிருந்து பிறப்பவைதான்.

இரண்டு பக்கமும் ஒரே ஆள்

வரலாற்றைத் தோண்டும்போது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. இன்று எதிரிகளாகப் பேசப்படும் இந்த இரண்டு தொழில்நுட்பத்துக்கும் ஒரே ஆளிடம் ஒரு வேர் இருக்கிறது. பெயர் எட்வர்ட் வென்ட்டே, அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனி பொறியாளர்.

குழாய் அவருக்கு முன்பே வந்துவிட்டது. 1915-இல் கலிஃபோர்னியாவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் ஓர் அதிரும் தகட்டைக் குழாயோடு இணைத்து 'மேக்னவாக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் பெருங்குரல் என்று அர்த்தம். ஆனால் அதில் பேச்சு கேட்குமே தவிர, இசை இசையாகக் கேட்காது.

வென்ட்டே முதலில் செய்தது மைக். 1916-17 வாக்கில் அவர் உருவாக்கிய கண்டென்சர் மைக்கில், மின்னூட்டம் பெற்ற இரண்டு தகடுகளில் ஒன்று மெல்லிய சவ்வு. குரல் பட்டால் சவ்வு அசையும், தகடுகளுக்கு இடையிலுள்ள தூரம் மாறும், மின்சாரம் மாறும். நிலைமின் ஸ்பீக்கரை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி. பத்து வருஷம் கழித்து 1926-இல் அதே வென்ட்டே, ஆல்பர்ட் துராஸ் என்பவரோடு சேர்ந்து 555 என்ற எண்ணுள்ள குழாய் யூனிட்டை உருவாக்கினார். அந்த வருஷம் ஆகஸ்டில் வைட்டாஃபோன் முறையில் வெளியான 'டான் ஜுவான்' படத்தோடு தியேட்டர் ஒலியின் காலம் தொடங்கியது. ஒலிப்பதிவில் நிலைமின் மைக், தியேட்டரில் குழாய். இரண்டும் ஒரே சங்கிலியின் இரண்டு முனைகள்.

ஏன் தியேட்டருக்குக் குழாய்? அன்றைய ஆம்ப்ளிஃபையர் கொடுத்தது சில வாட்டுகள்தான். வால்வு விலை யானை விலை. ஒரு சதவீதம் மட்டும் ஒலியாக்கும் ஸ்பீக்கரை வைத்து ஆயிரம் பேர் உட்காரும் அரங்கை நிரப்ப முடியாது. நல்ல குழாய் கால் பங்குக்கு மேல் ஒலியாக்கும். அந்தக் கணக்குதான் முடிவு செய்தது. ரசனை இல்லை, பட்ஜெட்.

இதே காலத்தில் வீட்டு ரேடியோக்களில் கதை எதிர்த்திசையில் போனது. 1920களின் ஆரம்பத்தில் வீட்டு ரேடியோ மேலேயும் அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்த சின்னக் குழாய்தான் இருந்தது. 1925-இல் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் இன்று நாம் எல்லோரும் பயன்படுத்தும் காயில்-கோன் ஸ்பீக்கரின் அடிப்படையை வெளியிட்டார்கள். வால்வுகளின் சக்தி ஏற ஏற, வீட்டுக்குக் குழாயின் சிக்கனம் தேவைப்படவில்லை. குழாய் வீட்டைவிட்டு வெளியேறி, தியேட்டருக்கும் தெருவுக்கும் போய்விட்டது.

மெரினா முதல் பஞ்சாயத்து ரேடியோ வரை

நம் பக்கம் வருவோம். 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப் தொடங்கி, அந்த ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. பணமில்லாமல் 1927-இல் மூடினார்கள். அவர்களுடைய டிரான்ஸ்மிட்டரைப் பெற்ற சென்னை மாநகராட்சி, 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்ப ஆரம்பித்தது. இதில் கவனிக்க வேண்டியது, கேட்பவர்கள் எங்கே இருந்தார்கள் என்பது. மாநகராட்சி மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது. சாயந்தரம் காற்று வாங்க வந்தவர்கள் கூட்டமாக நின்று கேட்டார்கள். 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை இதுதான் நிலைமை.

அதாவது, இங்கிலாந்தில் ரேடியோ என்பது கணப்பு அடுப்புப் பக்கத்தில் குடும்பம் சுற்றி உட்கார்ந்து கேட்பது. இங்கே ஆரம்பத்திலிருந்தே அது பொதுச்சொத்து. சுதந்திரத்துக்குப் பிறகு கிராமங்களுக்கு வந்த பஞ்சாயத்து ரேடியோவும் அப்படித்தான். ஒரு சின்ன அறைக்குள் ரேடியோ, கூரை மேலே குழாய். சாயந்தரச் செய்தி, விவசாய நிகழ்ச்சி, பாட்டு. வயலிலிருந்து திரும்புகிறவரும் திண்ணையில் இருக்கிறவரும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைக் கேட்டார்கள்.

சினிமாவும் குழாயும் சேர்ந்தே வளர்ந்தன. எங்கள் ஊர் வழியாகப் போகும் ஏற்காடு சாலையில்தான் டி.ஆர். சுந்தரம் 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். 1937-இல் 'சதி அகல்யா'வில் ஆரம்பித்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். 1956-இல் தமிழின் முதல் வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. இன்று அந்த இடத்தில் நினைவுக்கு மிஞ்சியிருப்பது முகப்பு வளைவு மட்டும். அங்கே பதிவான பாட்டுகள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது எப்படி? டூரிங் டாக்கீஸ் கொட்டகையின் குழாய் வழியாக. படம் ஆரம்பிக்கும் முன் பக்திப் பாட்டு போட்டால் சுற்றுவட்டாரத்துக்கு அதுதான் சைரன். அந்தப் பாட்டு கேட்டதும் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள்.

பிறகு கல்யாணம், காதுகுத்து, திருவிழா. 1940-இல் தொடங்கிய டெல்லி அஹுஜா கம்பெனியின் ஆம்ப்ளிஃபையரும் யூனிட்டும் நம் கிராமங்களில் வீட்டுப் பெயராகிவிட்டன. ரேடியோ செட்காரர் ஒரு சைக்கிளில் இசைத்தட்டுப் பெட்டி, ஆம்ப், பேட்டரி, இரண்டு குழாய் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். இந்த முழு அமைப்பும் ஒரு கார் பேட்டரியில் ஓடும் என்பதை யோசித்துப் பாருங்கள். கரண்ட் கம்பியே வராத ஊரிலும் பாட்டு ஒலித்தது குழாயின் சிக்கனத்தால்தான்.

1957: இரண்டு வரவுகள்

1957-இல் இங்கிலாந்தின் ஹண்டிங்டன் ஊரில் பீட்டர் வாக்கர் தன் குவாட் நிலைமின் ஸ்பீக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பார்க்க ஒரு அறை ஹீட்டர் மாதிரி இருக்கும். மனிதக் காது கேட்கும் ஒலிகளில் பெரும்பகுதியையும் சவ்வு மட்டுமே கொண்டு எழுப்பி, கடையில் விற்கப்பட்ட முதல் ஸ்பீக்கர் அது. அடிஸ்தாயிப் பலகைகளுக்கு 6000 வோல்ட், மேல்ஸ்தாயிப் பலகைக்கு 1500 வோல்ட். கூடவே வைத்துக் கேட்க அவர்களுடைய 15 வாட் வால்வு ஆம்ப். இன்றும் அந்த மாடலைப் பழுதுபார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அதே 1957 அக்டோபர் 3-இல் இந்தியாவில் விவித பாரதி தொடங்கியது. சினிமாப் பாட்டுக்காக இலங்கை வானொலியை நம்பியிருந்த ரசிகர்களுக்கு அரசு கொடுத்த பதில் அது. அதே வருஷம் இந்தியா கடும் அந்நியச் செலாவணி நெருக்கடியில் மாட்டியிருந்தது. இறக்குமதி உரிமங்களை இறுக்கிக் கட்டினார்கள். குவாட் மாதிரியான ஆடம்பரப் பொருள் சாதாரணக் குடும்பத்துக்கு வர வழியே இல்லை. நம் ஊருக்கு வந்தது விவித பாரதி. அதையும் பலர் கேட்டது டீக்கடை ரேடியோவிலும் குழாயிலும்.

அமெரிக்காவில் இதற்குள் குழாய் மறுபடி வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. ஆர்க்கன்சா மாநிலத்தின் ஹோப் ஊரில் பால் கிளிப்ஷ் 1946-இல் விற்க ஆரம்பித்த கிளிப்ஷ்ஹார்ன் அது. அதன் தந்திரத்தை அடுத்த கணக்கில் பார்ப்போம்.

கொஞ்சம் கணக்கு

பயப்படாதீங்க, பெருக்கல் வகுத்தல்தான்.

ஒரு குழாய் எவ்வளவு தாழ்ந்த சுருதி வரை வேலை செய்யும் என்பதை அதன் வாயின் சுற்றளவு தீர்மானிக்கும். சுற்றளவு ஒரு அலைநீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது கட்டைவிரல் விதி. நம் மைக் செட் குழாயின் வாய் 40 சென்டிமீட்டர் விட்டம் என்றால் சுற்றளவு சுமார் 1.26 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 345 மீட்டர். வகுத்தால் சுமார் 275 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே குழாய் கையை விரித்துவிடும்.

ஒன்றாம் கட்டையில் பாடும் ஆண் குரலின் சட்ஜமம் சுமார் 131 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்கு 196. இரண்டுமே குழாயின் எல்லைக்கு வெளியே! ஆனாலும் நாம் பாட்டைச் சரியாகத்தான் கேட்டோம். காரணம், மேலே உள்ள ஹார்மோனிக்ஸ் வந்து சேர்ந்தால் மூளை அடிச்சுருதியைத் தானே கற்பித்துக்கொள்ளும். மிருதங்கத்தின் தொப்பி மட்டும் 'டொக்' என்று மெலிந்துபோகும். நாகஸ்வரத்தின் மத்திய சட்ஜமம் இந்த எல்லைக்கு அருகிலேயே இருப்பதால், கல்யாண வீட்டுக் குழாயில் நாகஸ்வர இசைத்தட்டு கிட்டத்தட்ட நேரில் கேட்கிற மாதிரி இருந்ததில் ஆச்சரியமில்லை.

40 ஹெர்ட்ஸ் வரை குழாய் வேண்டுமென்றால் சுற்றளவு 8.6 மீட்டர், விட்டம் 2.7 மீட்டர் ஆகிவிடும். வீட்டில் ஸ்பீக்கர் இருக்கும், நாம் வெளியே நிற்கணும். கிளிப்ஷ் இங்கேதான் மூளையைப் பயன்படுத்தினார். அறையின் மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் கண்ணாடி மாதிரி வேலை செய்யும். வாயின் பரப்பில் எட்டில் ஒரு பங்கு போதும். மிச்சக் குழாயை மடித்துப் பெட்டிக்குள் அடக்கிவிட்டார். அறையே குழாயின் கடைசித் துண்டு.

அடுத்தது சக்தி. கிளிப்ஷ்ஹார்னுக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் சுமார் 104 டெசிபல். பழைய குவாட் சுமார் 86. வித்தியாசம் 18 டெசிபல், அதாவது 63 மடங்கு சக்தி. வாக்கரின் ஆம்ப் 15 வாட் முழுவதையும் கொட்டி குவாட்டில் எழுப்பும் ஒலியை, கிளிப்ஷின் குழாய் கால் வாட்டில் எழுப்பிவிடும்.

இப்போது ஊர்க் குழாய். ஒரு வாட்டுக்கு 108 டெசிபல் என்று வைத்து 30 வாட் கொடுத்தால், ஒரு மீட்டரில் சுமார் 123. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஒரு கிலோமீட்டரில் 60 குறைந்து 63 மிஞ்சும். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பேசுகிற அளவு! காற்றும் தன் பங்குக்கு வடிகட்டும். 1000 ஹெர்ட்ஸில் கிலோமீட்டருக்குச் சில டெசிபல்தான் போகும். 8000-இல் பல பத்து டெசிபல் போய்விடும். அதனால் கிட்டத்தில் காதைக் கிழிக்கும் குழாய், அடுத்த ஊரில் இனிமையாகக் கேட்கும். "அந்தக் காலத்துக் குழாய்ப் பாட்டு சுகமே தனி" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது குழாயும் ஒரு கிலோமீட்டர் காற்றும் சேர்ந்த ஒரு ஸ்பீக்கர்.

மார்கழி விடியலில் இது இன்னும் கூடும். இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். ஒலி குளிர்ந்த காற்றில் மெதுவாகப் போவதால் மேலே ஏறிய அலை வளைந்து தரைக்கே திரும்பும். பகலில் கேட்காத நாலாவது ஊர்க் கோயில் பாட்டு விடியலில் காதருகே கேட்பது இதனால்தான். சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் எங்களுக்கு இது வருஷா வருஷம் நடக்கிற சோதனை.

நம் கூடத்தில் எது?

இப்போது மூலக் கேள்வி. நம்ம ஊர் வீட்டுக் கூடம் என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அடி, சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, கம்பளம் கிடையாது. தலைக்கு மேல் ஃபேன். வெளியே செம்மண் புழுதி.

நிலைமின் ஸ்பீக்கர் முன்னாலும் பின்னாலும் சமமாக ஒலிக்கும். பின்னால் போன அலை சுவரில் பட்டுத் திரும்பி முன் அலையோடு மோதும். அதனால் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். பத்தடி அறையில் அது மூணில் ஒரு பங்கை விழுங்கிவிடும். பக்கவாட்டில் ஒலி குறைவு என்பது நம் மொட்டைச் சுவருக்கு நல்ல விஷயம். ஆனால் பெரிய சவ்வு மேல்ஸ்தாயியை டார்ச் லைட் மாதிரி நேராக அடிக்கும். தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் பாட்டு மாறும். இதற்காகவே குவாட் 1981-இல் கொண்டுவந்த அடுத்த மாடலில் தகடுகளை வட்ட வளையங்களாகப் பிரித்து, உள்வளையத்திலிருந்து வெளிவளையத்துக்குச் சிறு சிறு தாமதம் கொடுத்து, சவ்வுக்குப் பின்னால் ஒரு புள்ளியிலிருந்து ஒலி பிறப்பது போல ஆக்கினார்கள். அருமையான பொறியியல்.

நிலைமின்னின் பெருமை நுணுக்கம். வீணையின் மீட்டு, தம்புராவின் ரீங்காரம், பாடகர் மூச்சிழுப்பது எல்லாம் தனித்தனியாகத் தெரியும். எதிரி புழுதியும் ஈரமும். மின்னூட்டம் பெற்ற எதுவும் தூசியை இழுக்கும்; பழைய டிவி திரையைத் துடைத்தவர்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் மின்னூட்டம் கசிந்து சத்தம் குறையும். ஆம்ப்பை அளவு மீறித் திருகினால் சவ்வுக்கும் தகட்டுக்கும் இடையே பொறி பறந்து ஓட்டை விழலாம். தவிலும் நாகஸ்வரமும் நேரில் கேட்கும் அளவுக்கு வேண்டுமென்றால் இது ஆளில்லை.

வீட்டுக் குழாய்க்கு வேறு பலம். கால் வாட்டில் வேலை நடப்பதால் காயில் சூடாவதில்லை. தவிலின் அடி அடியாகவே வந்து விழும். சின்ன வால்வு ஆம்ப் போதும். மூலையில் ஒதுங்கி நிற்கும். ஆனால் குழாயின் கழுத்தும் வாயும் சரியாக அமையாவிட்டால் ஒரு 'தகர' வாசனை எல்லாப் பாட்டிலும் ஏறிவிடும். அடிஸ்தாயிக் குழாயும் மேல்ஸ்தாயிக் குழாயும் ஒன்றாகிக் கேட்க மூணு மீட்டராவது தள்ளி உட்காரணும். பத்தடிக் கூடத்தில் அது எதிர்ச் சுவர். ஊர்க் குழாயை ஆசைக்கு வாங்கி வீட்டில் மாட்டுவது தனிக் கதை. அது ஒரு கிலோமீட்டர் காற்றுக்காகச் செய்யப்பட்டது. மூணு மீட்டரில் அதன் கூர்மையை மென்மையாக்க இடையில் எதுவும் இல்லை.

என் தீர்ப்பைக் கேட்டால்: இரவு பத்து மணிக்கு மேல் மெல்லிய குரலில் ஒரு ஆலாபனை கேட்க நிலைமின். பெரிய கூடமும் தவில் மோகமும் இருந்தால் குழாய். இரண்டுக்கும் பணமில்லாத நம் போன்றவர்களுக்கு நிலைமின் ஹெட்ஃபோன் என்ற நடுவழி உண்டு. ஜப்பானின் ஸ்டாக்ஸ் கம்பெனி 1960 முதல் விற்கிறது. அதுவும் விலைதான், ஆனால் சுவர்ப் பிரச்சினை இல்லை.

கூம்பும் பாக்ஸும்

இது வெறும் ரசனைக் கேள்வியாக இருந்தால் இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் நம் ஊரில் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது: கேட்க விரும்பாதவர் வீடு.

மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஒரு கிலோமீட்டரில் 63 டெசிபல். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு அனுமதிப்பது பகலில் 55, இரவில் 45. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளி ஒலிபெருக்கியே கூடாது. உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 தீர்ப்பில் இதை உறுதி செய்து, பொது இடத்தின் எல்லையில் சுற்றுப்புறச் சத்தத்தைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75, இதில் எது குறைவோ அதுவே உச்சம் என்றது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவருக்கும், நெஞ்சுவலிக்காரருக்கும் அது தேவையான பாதுகாப்பு. அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் நடைமுறையில் திருவிழா நேரத்தில் வரும் அறிவிப்பு எப்படி இருக்கும்? "கூம்பு வடிவ ஒலிபெருக்கிகளுக்குத் தடை." வடிவத்தைப் பிடித்துக்கொண்டோம். கூம்பு இறங்கியது, அந்த இடத்தில் பாக்ஸ் ஏறியது. முன்பு 30 வாட் ஓடிய தெருவில் இப்போது ஆயிரக்கணக்கான வாட், கூடவே ஜெனரேட்டர். குழாய் 275 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஊமை. பாக்ஸ் ஆரம்பிப்பதே 40-50 ஹெர்ட்ஸில். நடு ஒலியைச் சுவர் ஓரளவு தடுக்கும். அடி ஒலியை ஒற்றைச் செங்கல் சுவர் பெரிதாகத் தடுக்காது. ஜன்னல் கண்ணாடி அதிர்வது அதனால்தான்.

இன்னொரு சங்கதி. சத்தம் அளக்கும் மீட்டர் 'ஏ' எடையிட்ட டெசிபலில் காட்டும். மெல்லிய ஒலிகளில் காதின் உணர்வைப் பின்பற்றி வந்த அளவு அது. அதன்படி 63 ஹெர்ட்ஸ் ஒலியில் 26 டெசிபல் கழிக்கப்படுகிறது. ஆக, குழாயும் பாக்ஸும் மீட்டரில் ஒரே எண்ணைக் காட்டினாலும், அடைத்த கதவுக்குப் பின்னால் படுத்திருப்பவருக்கு அவை ஒன்றல்ல. கூம்பைத் தடை செய்துவிட்டோம் என்று நிம்மதியானவர்கள், தொட்டில் குழந்தையை இரண்டாவது தெருவில் தூங்கவைக்க முயலும் ஒரு தாயிடம் கேட்டுப் பார்க்கலாம். கேட்க வேண்டியது கருவியின் வடிவத்தை அல்ல; எத்தனை டெசிபல், எந்த அதிர்வெண், எத்தனை மணிக்கு, யார் வீட்டு வாசலில் என்பதை.

மெரினாவில் ஒலிபெருக்கி வைத்தபோது அது ரேடியோ வாங்க முடியாதவனுக்கும் சேர்த்து ஒலித்தது. பஞ்சாயத்துக் குழாயும் அப்படித்தான். ஒரு ஊரில் ஒரு ரேடியோ இருந்த காலத்தில் குழாய் ஒரு நியாயம். இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு போன் இருக்கிறது. 1962-இல் பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் வெஸ்டும் கண்டுபிடித்த எலக்ட்ரெட் மைக் முதல், இன்றைய போனுக்குள் அரிசி அளவில் உட்கார்ந்திருக்கும் மைக் வரை எல்லாம் வென்ட்டேவின் அதே கண்டென்சர் தத்துவம்தான். நிலைமின் ஸ்பீக்கர் நம் வீட்டுக்கு வரவில்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன். திருப்பிப் போட்ட வடிவத்தில் அது வந்து பல வருஷம் ஆகிறது. நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

குழாயின் இடம் இப்போது அருங்காட்சியகமா, பழைய இரும்புக் கடையா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். சேலத்தைச் சுற்றி ரேடியோ செட் தொழில் செய்து ஓய்ந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த யூனிட்டுக்கு எந்தக் குழாய், எந்தத் திசையில் கட்டினால் எந்த ஊர் வரை கேட்கும், மழை வந்தால் எதை முதலில் இறக்கணும் என்பதெல்லாம் அவர்கள் கைப்பழக்கத்தில் இருக்கிறது, எந்தப் புத்தகத்திலும் இல்லை. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், அதே போனில் ஒரு மணி நேரம் அவர் பேசுவதைப் பதிவு செய்துவிடுங்கள். குழாய் போனாலும் அதைக் கட்டியவர் குரல் மிஞ்சட்டும்.